பத்து டின் சீர்

நாஞ்சில் நாடு முழுக்க வெடி வெடித்துக்கொண்டிருந்த வாரம் அது. தெற்கே உள்ள தாலுகாக்கள் திருவிதாங்கூரிலிருந்து கழன்று சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த சந்தோஷத்தில், ஊரே நாகர்கோவிலுக்குப் போய்க் கொடி பிடித்துக் கூத்தாடியது. தாழக்குடி பொன்னுலிங்கம் பிள்ளை மட்டும் வீட்டு முன்கட்டில் சாய்வு நாற்காலியைப் போட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு, எகிப்து தேசத்தில் இருந்தார்.

சூயஸ் கால்வாயை அடைத்துவிட்டார்கள். கப்பல்களைக் குறுக்கே மூழ்கடித்து அடைத்துவிட்டார்கள். எண்ணெய்க் குழாயையும் வெடி வைத்து உடைத்தாயிற்று. சண்டைக்கு வந்த வெள்ளைக்காரனுக்கு இனிமேல் எண்ணெய் கிடையாது என்று அரபு தேசத்தார் கையை விரித்துவிட்டார்கள். சீமையில் கார் வைத்திருப்பவனெல்லாம் சீட்டு வாங்கிக்கொண்டு பெட்ரோலுக்கு நிற்கப் போகிறானாம். படிக்கப் படிக்கப் பிள்ளையின் முகம் மலர்ந்துகொண்டே போனது. உலகத்தில் எத்தனையோ பேர் அந்தப் பேப்பரைப் படித்துக் கவலைப்பட்டிருப்பார்கள். பிள்ளை இரண்டாம் முறையும் படித்துச் சிரித்தார்.

காரணம் இருந்தது. பிள்ளையிடம் ஒரு கார் இருந்தது. கல்யாணத்துக்கும் கன்னியாகுமரிக்கும் வாடகைக்கு விடுகிற கார். அவரே ஓட்டுவார். ஹாரனைவிட மற்ற இடங்களில் அதிகச் சத்தம் வருகிற வண்டி. மனைவி சண்முகவடிவு பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த வயலில் நாலு பூவு அறுத்த நெல்லை விற்று வாங்கியது. வண்டியும் அவள் பெயரில்தான் இருந்தது. அதை அன்பு என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளையின் அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிக்கிற பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். தன் பெயரில் வாங்கினால் ஆளுக்கொரு டயர் கேட்பார்கள் என்று பயந்து, மனைவி பெயரில் எழுதிவைத்தார்.

"ஏட்டி வடிவு! இஞ்ச வா. உலகம் எங்கே போய்க்கிட்டு இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"அடுப்புல தீயல் கொழம்பு கெடக்கு. உலகத்தைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கோ."

"சவம், வந்து கேளு. அந்த அடுக்களைதான் அரேபியான்னு வெச்சுக்கோ."

"வெச்சாச்சு. சூடும் அப்பிடித்தான் இருக்கு."

"நான் இருக்க இந்த முன்கட்டு ஐரோப்பா."

"சரிதான். உக்காந்துகிட்டே அதிகாரம் பண்ணுத இடம்."

"ரெண்டுக்கும் நடுவுல இந்த நடை இருக்கு பாத்தியா, இதாக்கும் சூயஸ் கால்வாய்." பிள்ளை எழுந்து சாய்வு நாற்காலியை இழுத்து நடைக்குக் குறுக்கே போட்டார். "இப்பம் அடைச்சாச்சு. இனி எனக்குக் காப்பி எப்பிடி வரும்? சொல்லு பாப்பம்."

சண்முகவடிவு நாற்காலியைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். திரும்பிப் போனாள். கருப்பட்டிக் காப்பியை எடுத்துக்கொண்டு புறவாசல் வழியாக இறங்கினாள். தொழுவத்தைச் சுற்றினாள். எருக்குழியைத் தாண்டினாள். அடுத்த வீட்டு முத்துக்கனியிடம் நின்று, அவள் மகளுக்கு மாசம் எத்தனை என்று விசாரித்தாள். பிறகு தெரு வழியாக வந்து முன்கட்டில் ஏறி, காப்பியை நீட்டினாள். அது பச்சைத் தண்ணீர்போல் ஆறியிருந்தது.

"ஆப்பிரிக்காவைச் சுத்தி வந்தேன், கேட்டேளா."

பிள்ளை துள்ளிவிட்டார். "அதாக்கும் காரியம்! கப்பல் சுத்தி வந்தா நாளு கூடும், செலவு கூடும். வரத்து கொறையும். வரத்து கொறைஞ்சா வெலை ஏறும்."

"அப்பம் நாம எங்கே இருக்கோம்?"

"நாமளா?" பிள்ளை சுற்றும் முற்றும் பார்த்தார். "நாம புறவாசல்."

"அடுக்களையிலேருந்து புறவாசலுக்கு வர நடை எதுக்கு? நேரா எறங்கிரலாமே. நம்ம எண்ணெய் அந்த வழியா வரவே வராதே."

கேள்வி சரியான கேள்விதான். ஆனால் அவரும் பேப்பர் படிக்கிறவர். "கோட்டி! ஐரோப்பாக்காரன் சும்மா இருப்பானா? புறவாசலுக்கு வாற எண்ணெயைக் கூடுதல் வெலை குடுத்து அவன் தூக்கிட்டுப் போயிருவான். ஒரு இடத்துல அடைச்சா எல்லா இடத்துலயும் ஏறும். இதுல இன்னொரு சூட்சுமமும் உண்டு. எண்ணெய்க் கெணறு வெச்சிருக்கவன் எல்லாம் ஒண்ணாச் சேந்து, 'இந்த வெலைக்குக் கீழ ஒரு சொட்டு தரமாட்டோம்'னு நிண்ணாம்னு வெச்சுக்கோ, உலகமே அவன் காலடியில கெடக்கும்."

"அதுல ஒருத்தன் மத்தவனுக்குத் தெரியாம கொறைச்சு வித்தா?"

"வித்தா அம்புட்டும் போச்சு. அவன் வித்துருவானோன்னு இவனும், இவன் வித்துருவானோன்னு அவனும் போட்டி போட்டுக் கொறைச்சு, எல்லாரும் தலையில துண்டு போட வேண்டியதுதான். விக்கக்கூட வேண்டாம் பாத்துக்கோ, சந்தேகம் வந்தாலே போதும்."

"அப்பிடியா?" என்றாள் சண்முகவடிவு. அவள் 'அப்பிடியா' என்று சொன்னால் அதை எங்கோ பத்திரமாக எடுத்து வைக்கிறாள் என்று அர்த்தம். இருபது வருஷம் குடும்பம் நடத்தியும் பிள்ளைக்கு அது மட்டும் தெரியாது.

அன்றைக்கே பிள்ளை நாகர்கோவிலுக்கு வண்டியை விட்டார். பெட்ரோல் பம்பில் ஒரு டின், பிறகு ஒரு டின், கேட்டால் 'கன்னியாகுமரி டிரிப்' என்று சொல்லி, ஐந்து நாளில் பத்து டின் சேர்த்துவிட்டார். வரிசையாகக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். தை மாசம் பெட்ரோல் கிடைக்காமல் நாகர்கோவிலே தவிக்கும்போது, ஒவ்வொரு டின்னாகத் திறப்பதாகத் திட்டம். அந்த நினைப்பிலேயே பசி வந்தது. சாப்பிட உட்கார்ந்தார். இலையில் பழையதும் காந்தாரி மிளகாயும் வந்தன.

"சோறு எங்கே?"

"அடுப்பு பத்த வைக்கல்லே. பெட்ரோல் இருக்க வீட்டுல தீப்பெட்டியே உரசப்பிடாதுன்னு பம்புக்காரன் சொன்னான்னு நீங்கதானே சொன்னேள்?"

"அடுக்களை அங்கே இருக்கு, டின்னு இஞ்ச இருக்கு."

"நடுவுல சூயஸ்தானே இருக்கு? அது வழியாத் தீ வராதா?"

மூன்று நாள் பிள்ளை பழையதும் அவலும் மட்டிப்பழமும் தின்றார். காப்பி இல்லை. சுருட்டு இல்லை. குளிக்க வெந்நீர் இல்லை. நாலாம் நாள் காலையில் தூங்கி எழுந்தவர் முத்துக்கனி வீட்டில் தாளிக்கிற வாசனை வந்த திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சண்முகவடிவுக்கே மனசு கேட்கவில்லை.

"வயல்ல களத்துக் கொட்டகை சும்மாத்தானே கெடக்கு? என் வித்து நெல்லு மட்டுந்தான் ஒரு மூலையில இருக்கு. டின்னை அங்கே கொண்டு வெச்சா என்ன?"

"பூட்டு உண்டா?"

"உண்டும். சாவி என் இடுப்புல இருக்கு. இதைவிடப் பத்திரமான இடம் தாழக்குடியில எங்கே இருக்கு?"

அன்றைக்கு மத்தியானம் அவியலும் புளிசேரியுமாகச் சாப்பிட்டுவிட்டு, நல்ல யோசனை சொன்ன மனைவியைப் பிள்ளை வாயாரப் புகழ்ந்தார்.

பெட்ரோல் பத்திரமானதும் பிள்ளைக்கு அடுத்த யோசனை வந்தது. சுற்று வட்டாரத்தில் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வருகிற கார் மொத்தம் மூன்று. பிள்ளையுடையது ஒன்று. தேரூர் குலசேகரனுடையது ஒன்று. வடசேரி யோவானுடையது ஒன்று. மூன்று பேரும் வடசேரிச் சாயாக்கடைக்கு முன்னால் கூடினார்கள்.

"கேட்டுக்கிடுங்க வேய்," என்றார் பிள்ளை. "அரேபியாக்காரன் செய்யத நாம செய்யப்பிடாதா? இந்தக் கார்த்திகையில முகூர்த்தம் நெறய. வாடகை இரட்டி. மூணு பேரும் ஒரே வெலை. சொந்தக்காரனானாலும் சரி, சோறு போட்டவனானாலும் சரி, இரட்டிக்கு ஒரு சக்கரக் காசு கொறையப்பிடாது."

"நான் கொறைக்க மாட்டேன். யோவான் கொறைச்சிட்டா?" என்றார் குலசேகரன்.

"நான் ஏன் கொறைக்கேன்? நீரு கொறைக்காம இருந்தாப் போரும்," என்றார் யோவான்.

"அதுக்குத்தான் சத்தியம்," என்றார் பிள்ளை. "அந்தக் காலத்துல சுசீந்திரம் கோயில்ல கொதிக்க நெய்யில கையை முக்கிச் சத்தியம் செய்வாவளாம். இப்பம் நெய் விக்க வெலையில அது முடியாது. நம்ம தொழிலுக்கு வண்டிதான் தெய்வம். எல்லாரும் வண்டி மேல கையை வையுங்கோ."

பிள்ளையின் வண்டி தாழக்குடியிலிருந்து கொதித்துக்கொண்டே வந்து அப்போதுதான் நின்றிருந்தது. என்ஜின் மூடியின் மேல் மூன்று பேரும் வலது உள்ளங்கையை அழுத்தி வைத்து, "இரட்டிக்குக் கொறைஞ்சா..." என்று ஆரம்பித்தார்கள். மீதிச் சத்தியத்தை ஆளுக்கு ஒரு பக்கம் குதித்துக்கொண்டே சொன்னார்கள். சாயாக்கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தார். வாளிக்குள் மூன்று கைகளும் ஒன்றாக இருந்தன. இப்படியொரு ஒற்றுமையை நாஞ்சில் நாடு அதற்கு முன் பார்த்ததில்லை என்று பிள்ளைக்குக் கண் கலங்கியது. கொஞ்சம் எரிச்சலும் காரணம்.

மறுநாள் பூதப்பாண்டியிலிருந்து சண்முகவடிவின் அண்ணன் கணபதியப்பன் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றார். மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சுசீந்திரம். பாங்கில் உத்தியோகம். மாப்பிள்ளையைக் காரில் அழைத்து வர வேண்டும்.

"நம்ம வண்டி இருக்கையிலே எனக்கென்ன கவலை, மாப்பிள்ளே!" என்றார் கணபதியப்பன்.

பிள்ளை வலது கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு சூயஸ் கால்வாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கணபதியப்பன் பொறுமையாகக் கேட்டார். கால்வாய் முடிந்து, குழாய் முடிந்து, கடைசியில் வாடகை வந்தபோது வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் சண்முகவடிவு வாசலில் நின்று பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அம்மா இல்லாத வீட்டில் அவளைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன் அவர்.

"என் அண்ணன் கிட்டயா இரட்டி கேட்டேள்?"

"ஏட்டி, எனக்கு மனசு இல்லாமலா? நான் கொறைச்சா மத்த ரெண்டு பேரும் கொறைச்சிருவான். சத்தியம் பண்ணியிருக்கு."

"செரி. நான் அத்தைலா? சீரு செய்யணும். அதுக்காவது..."

"சீருக்குக் காசு கீசு கேக்காதே. களத்துல கெடக்கதை எடுத்துக் குடு."

களத்தில் வெள்ளைப் பூசணியான தடியங்காய் கிடந்தது. வாழைக்குலை கிடந்தது. பிள்ளை அதைத்தான் சொன்னார்.

"அப்பிடியா?" என்றாள் சண்முகவடிவு.

அந்த வாரம் வடசேரிச் சந்தையில் நடந்தது பிள்ளைக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. நாம் அத்தனை நாள் காத்திருக்க வேண்டியதில்லை. மருந்துக் கடையில் தீப்புண்ணுக்கு எண்ணெய் வாங்கப் போன சண்முகவடிவு, அதே எண்ணெய்க்கு அங்கே நின்ற இரண்டு பெண்களைப் பார்த்தாள். ஒருத்தி குலசேகரன் மனைவி மீனாட்சியம்மாள். இன்னொருத்தி யோவான் மனைவி குளோரி.

"எங்க வீட்டு அவியளுக்கு தோசைக்கல்லு சுட்டுட்டாம்," என்றாள் மீனாட்சியம்மாள்.

"அடுக்களைப் பக்கம் வாற ஆளா?" என்று கேட்டாள் சண்முகவடிவு.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து வந்ததில்லே. அதான் எனக்கும் சம்சயம்."

"எங்க ஆளு ஜெபம் பண்ணும்ப மெழுகுதிரி சுட்டுட்டுன்னு சொல்லுகாரு," என்றாள் குளோரி. "வலது உள்ளங்கை முழுக்க. அவ்வளவு ஜெபம் பண்ணுத மனுஷனும் இல்லே."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சண்முகவடிவு ஒரு பொய்யும் சொல்லவில்லை. "என் அண்ணன் மவ கல்யாணத்துக்கு எங்க வீட்டு வண்டி போகாம இருக்குமா? நீங்களே சொல்லுங்கோ," என்று மட்டும் கேட்டாள். அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அன்று சாயங்காலமே குளோரி வாயிலாக யோவானுக்குச் செய்தி போயிற்று: பொன்னுலிங்கம் சத்தியத்தை மீறிவிட்டான். மறுநாளே யோவான் பூதப்பாண்டிக்குப் போய்ப் பழைய வாடகைக்கு வருவதாகச் சொன்னார். அது மீனாட்சியம்மாள் காதில் விழ, குலசேகரன் போய் அதிலும் பாதி என்றார். யோவான் மறுபடி வந்து, வாடகையே வேண்டாம், பெட்ரோல் மட்டும் கொடுத்தால் போதும் என்றார். குலசேகரனும் அதற்கு இறங்கி வந்தார். முகூர்த்தம் நிறைந்த மாசத்தில் பெரிய கல்யாணத்துக்கு வண்டி போகாவிட்டால் பேர் கெட்டுவிடுமே என்கிற பயம் இருவருக்கும்.

பிறகுதான் சண்முகவடிவு கணவரிடம் வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணன் சொல்லி விட்டிருக்காரு. நீங்க ஒண்ணும் வெசனப்பட வேண்டாமாம். குலசேகரன் வண்டியும் யோவான் வண்டியும் வருதாம்."

"இரட்டிக்கா?"

"சும்மாவாம்."

பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு தேரூருக்குப் பறந்தார். குலசேகரன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இந்தா பாரும், புண்ணு இன்னும் ஆறல்லே. நான் போவேனா? அண்ணைக்கு என் வண்டிக்கு கிளட்ச் கழட்டப் போறேன்." பிள்ளை வடசேரிக்குப் பறந்தார். யோவானும் உள்ளங்கையைக் காட்டினார். "ஆண்டவர் சாட்சி. அண்ணைக்கு என் வண்டிக்கு கிளட்ச் வேலை." பிள்ளை இரண்டு பேரையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "எனக்கும் அண்ணைக்கு கிளட்ச்தான்," என்று சொல்லி வைத்தார்.

வழி முழுக்க யோசித்தார். சொந்த மச்சினன் வீட்டுக் கல்யாணம். கண்டவன் வண்டியில் மாப்பிள்ளை வந்து இறங்குவான். வண்டி வைத்திருக்கிற மாமன் பஸ்ஸில் போய் இறங்குவதா? ஊர் சிரிக்காதா? வீட்டுக்கு வந்தபோது முடிவு செய்துவிட்டார்.

"வடிவு, நம்ம வண்டி போகும். நானும் காசு வாங்கல்லே. ஆனா வெளியே மூச்சு விடாதே. பேட்டைத் தெரு வழியா ஒளிச்சுப் போய் மாப்பிள்ளையை ஏத்திக்கிட்டு வந்துருவேன்."

"என் ராசால்லா!" என்றாள் சண்முகவடிவு. அன்றைக்கு உளுந்தங்கஞ்சிக்குப் பதிலாகப் பால் பாயசம் வந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சீர் வண்டி கிளம்பியது. ஒரு மாட்டு வண்டி. மேலே தடியங்காய், வாழைக்குலை, தேங்காய், அதற்கும் கீழே வைக்கோல். பிள்ளையே கயிறு இழுத்துக் கட்டினார். சக்கரம் ஈர மண்ணில் இறங்கியபோது அவரே தோள் கொடுத்துத் தள்ளினார்.

"என்னட்டி இது, இவ்வளவு கனம் கனக்கு?"

"சீருன்னா கனக்காதா? அத்தை வீட்டுச் சீருலா!" என்று சொல்லிவிட்டு, சண்முகவடிவு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் பிள்ளை சுசீந்திரம் போய்ச் சேர்ந்தார். மாப்பிள்ளை வீடு இருந்த சந்துக்குள் ஹாரன் அடிக்காமல் நுழைந்தார். எதிர்ச் சந்திலிருந்து ஹாரன் அடிக்காமல் குலசேகரன் வண்டி வந்தது. பின்னாலேயே ஹாரன் அடிக்காமல் யோவான் வண்டி வந்து நின்றது. மூன்று பேரும் இறங்கினார்கள். மேலே தாணுமாலயன் கோபுரம் நின்றுகொண்டிருந்தது. பிள்ளையும் குலசேகரனும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யோவான் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கிளட்ச் செரியாயிட்டா?" என்று கேட்டார் பிள்ளை.

"ஆயிட்டு. உமக்கு?"

"எனக்கும் ஆயிட்டு."

மூன்று கார் ஊர்வலமாகப் போன கல்யாணத்தைப் பூதப்பாண்டி அதுவரைக்கும் கண்டதில்லை. வழியெல்லாம் சனம் திரண்டு நின்றது. முதல் வண்டியில் மாப்பிள்ளை. அது பிள்ளையின் வண்டி. அந்த மட்டும் மானம் பிழைத்தது என்று பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினார். போகட்டும், ஒரு நாள் வாடகைதானே. களத்துக் கொட்டகையில் பத்து டின் இருக்கிறது. தை பிறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

பந்தலில் நாதஸ்வரம் முழங்கியது. சீர் வரிசை வந்தது. வெற்றிலைத் தட்டு வந்தது. பட்டு வந்தது. வெண்கல உருளி வந்தது. "தாழக்குடி அத்தை வீட்டுச் சீரு!" என்று கணபதியப்பன் குரல் கொடுத்தார். தடியங்காயும் வாழைக்குலையும் வந்தன. பிள்ளை திருப்தியாகத் தலையை ஆட்டினார். அதற்குப் பின்னால் பத்து ஆண்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு டின். டின்னுக்குச் சந்தனம், குங்குமம், கழுத்தில் முல்லைப்பூச் சரம்.

"பெட்ரோலு பத்து டின்னு!"

நாதஸ்வரக்காரருக்கு ஒரு நிமிஷம் மூச்சு நின்றது. எத்தனையோ கல்யாணத்தில் வாசித்தவர். பெட்ரோலுக்கு என்ன வாசிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பந்தலே எழுந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா ஓடி வந்து பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பவுன் குடுக்க ஆளு உண்டு, பட்டு குடுக்க ஆளு உண்டு. சூயஸ் அடைச்சுக் கெடக்க நேரத்துல பெட்ரோலு குடுக்க எந்த மாமனுக்கு மனசு வரும்? பேப்பர்ல போடணும் வேய் உம்மை!"

யாரோ மாலை போட்டார்கள். பிள்ளை சிரித்தார். சிரித்தே ஆகவேண்டியிருந்தது. மாலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற மனைவியிடம் பல்லைக் கடித்தார்.

"ஏட்டி! என்ன காரியம்டி செய்தே?"

"களத்துல கெடக்கதை எடுத்துக் குடுன்னு நீங்கதானே சொன்னேள்?"

"நான் தடியங்காயைச் சொன்னேன்!"

"அதும் குடுத்தாச்சுலா."

இன்னும் முடியவில்லை. குலசேகரனுக்கும் யோவானுக்கும் பேசினபடி பெட்ரோல் ஊற்ற வேண்டும். "சீரு குடுத்த மகராசன் கையால முதல் டின்னை ஊத்தட்டும்!" என்று மாப்பிள்ளையின் அப்பா பிள்ளையின் கையில் புனலைக் கொடுத்துவிட்டார். சுட்ட உள்ளங்கையில் புனலைப் பிடித்துக்கொண்டு, தான் பதுக்கிய பெட்ரோலைத் தானே குலசேகரன் வண்டியில் பிள்ளை ஊற்றினார். பிறகு யோவான் வண்டியில் ஊற்றினார். ஆளுக்கு நாலு டின். மீதி இரண்டு மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளுக்கு. பெண்கள் குலவை இட்டார்கள். பிள்ளையின் வண்டிக்கு ஊற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பத்து டின் சீர் கொடுக்கிற வீட்டில் பெட்ரோலுக்கா பஞ்சம்?

சாப்பாடு பிரமாதம். எரிசேரி, துவட்டல், அடைப்பிரதமன், சக்கப்பிரதமன் என்று பாயசமே இரண்டு. பிள்ளைக்கு ஒன்றும் இறங்கவில்லை. ஆனால் அண்ணன் மகளை வாழ்த்திவிட்டுத் திரும்பிய சண்முகவடிவின் முகத்தைப் பார்த்தபோது அவருக்கே கோபம் பாதி கரைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. மீதிப் பாதியைத் தாழக்குடிக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

சாயங்கால வெயிலில் இரண்டு பக்கமும் வயல். வண்டி பாதி வழியில் ஒரு தும்மல் தும்மியது. இன்னொரு தும்மல் தும்மியது. பிறகு நின்றுவிட்டது. பிள்ளை இறங்கி டாங்கியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். குச்சி காய்ந்து வந்தது.

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. தைரியமாக, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு யோவான் வண்டியும் குலசேகரன் வண்டியும் வந்தன. குலசேகரன் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன வேய், சூயஸை அடைச்சிட்டாவளா?"

இரண்டு வண்டியும் நிற்காமல் போய்விட்டன. போன வழியெல்லாம் பிள்ளையின் பெட்ரோல் வாசனை அடித்தது. பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். பின்னால் போய் வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். பத்தடி போவதற்குள் மூச்சு வாங்கியது. உள்ளங்கைக் கொப்புளம் உடைந்துவிட்டது.

"ஏட்டி வடிவு! நீயும் எறங்கி ஒரு கை குடுத்தா என்ன?"

சண்முகவடிவு நகர்ந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கே கதை! வண்டி என் பேர்லேலா இருக்கு? சொந்தக்காரி எறங்கித் தள்ளினா நாலு பேரு என்ன சொல்லுவாவ? பையத் தள்ளுங்கோ அத்தான், மடியில பிரதமன் இருக்கு."